கழிவு விலையும் கைக்குத் திரும்பும் காசும்

மாதத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பும் குடும்பங்களில் பல, வழியிலுள்ள பெரிய அங்காடிக்குள் நுழைவதை இன்று எந்த நகரத்துப் பங்கிலும் காணலாம். வாயிலில் தள்ளுவண்டி காத்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற பலகை வரவேற்கிறது. பணம் செலுத்துமிடத்திலோ, "இந்தச் செயலி வழியாகச் செலுத்தினால் பத்து விழுக்காடு திரும்பக் கிடைக்கும்" என்ற அறிவிப்பு. கையில் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் பதினைந்து பொருள்கள். வண்டியில் ஏறுவனவோ முப்பது. ரசீதின் அடியில், "இன்று தாங்கள் சேமித்தது 412 ரூபாய்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டுத் தருகிறார்கள். அந்தச் சேமிப்பைப் பணப்பையில் தேடினால் மட்டும் அகப்படுவதில்லை.

இதை ஏதோ பெண்களின் அடுக்களைப் பேச்சு என்று குடும்பத் தலைவர்கள் ஒதுக்கிவிடலாகாது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, மின்சாரக் கட்டணம் ஆகியவற்றில் எதுவும் நமக்காக ஒரு ரூபாய்கூட இறங்கி வராது. வரவில் பள்ளம் விழும்போது சுருக்கக் கூடியதாக எஞ்சி நிற்பது மளிகைச் செலவு ஒன்றே. ஆகவே பற்றாக்குறையின் முதல் அடி விழுவது அடுக்களையில்தான். அங்கும் பிள்ளையின் பால் குறைவதற்கு முன்னால் தாயின் தட்டில் முட்டை இல்லாமற் போகிறது. குழம்பில் காய் போய் வெறும் குழம்பு மிஞ்சுகிறது. அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. பின்னொரு நாள் மருத்துவர், "இரத்தசோகை" என்று சீட்டில் எழுதும்போதுதான் கணவருக்குச் செய்தி எட்டுகிறது. எனவே எது உண்மையான கழிவு, எது கண்கட்டு வித்தை என்று பிரித்தறிவது குடும்பத்தின் நலம் பற்றிய காரியமே.

வாங்கிய பொருளுக்காகப் பணம் திருப்பித் தரும் வழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. அதன் கதை அறியத்தக்கது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அண்மையில் ரோச்டேல் என்றோர் ஊர் உண்டு. நெசவாலைகள் நிறைந்த ஊர். அங்குள்ள தொழிலாளர்கள் வாங்கிய மாவில் கலப்படம் இருந்தது. எடையில் மோசடி இருந்தது. கடைக்காரரிடம் பட்ட கடன் தீராத தளையாய் இருந்தது. இவற்றுக்கு மாற்றுத் தேடி, நெசவாளரும் பிற கைத்தொழிலாளருமாக 28 பேர், ஆளுக்கொரு பவுன் என்று வருந்திச் சேர்த்த பணத்தைக் கொண்டு, 1844 டிசம்பர் 21 அன்று மாலை டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் கடை திறந்தனர். அவர்கள் விற்பனைக்கு வைத்தவை வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி, அவ்வளவே.

அவர்கள் வகுத்த விதிகள் எளியவை. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ஊரில் நடக்கும் விலை, கடன் கிடையாது, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கு. செலவு போக எஞ்சிய ஆதாயத்தைக் கணக்குப் பார்த்து, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்கேற்ப அவருக்கே திருப்பித் தந்தார்கள். போட்ட முதலுக்கு அளவான வட்டி. வாங்கிய சரக்குக்குப் பங்கு ஆதாயம். இன்று "கேஷ்பேக்" என்று நம் பிள்ளைகள் சொல்வதன் மூத்த வடிவம் இதுவே. ஆயினும் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. ரோச்டேலில் திரும்பி வந்த காசு, கடை உண்மையில் ஈட்டிய ஆதாயத்திலிருந்து வந்தது. அதைப் பெறுவதற்காக எவரும் தேவைக்கு மேல் ஒரு மெழுகுவத்தியும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வழியைப் பின்பற்றி நம் சென்னையில் 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளுள் ஒன்று அது. பின்னாளில் கோயம்புத்தூரில் சிந்தாமணியும் பிற ஊர்களில் வேறு பெயர்களில் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் எழுந்தன. அவற்றின் அலமாரிகளில் பளபளப்புக் குறைவு என்பது உண்மை. ஆனால் பருப்பும் மிளகாயும் எடுப்பதற்குப் பளபளப்பு எதற்கு?

இனி இன்றைய காசுத் திருப்பத்துக்கு வருவோம். இது யார் பணம் என்று முதலில் கேட்க வேண்டும். கடன் அட்டை வழியாக நாம் பணம் செலுத்தும்போது, கடைக்காரர் அத்தொகையில் ஒரு சிறு பகுதியை வங்கிக்குக் கட்டணமாக இழக்கிறார். அதிலிருந்து ஒரு கிள்ளு நமக்குத் திரும்புகிறது. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில் அத்தகைய கட்டணம் 2020 சனவரி முதல் கடைக்காரரிடம் பெறப்படுவதில்லை. எனவே அங்கே வந்த பரிசுச் சீட்டும் சுரண்டல் அட்டையும் நம்மை அப்பழக்கத்துக்குக் கொண்டுவர நிறுவனங்கள் செலவிட்ட விளம்பரப் பணமேயாகும். பழக்கம் ஊன்றியபின் பரிசு மெலிந்ததில் வியப்பென்ன?

எழுத்துச் சிறியதாக இருக்கும் இடத்தில்தான் செய்தி பெரியதாக இருக்கும். "பத்து விழுக்காடு திரும்பக் கிடைக்கும்" என்பதன் கீழ், "1,500 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கினால்" என்றும், "அதிகபட்சம் 100 ரூபாய்" என்றும் இருப்பதாகக் கொள்வோம். நம் தேவை 1,100 ரூபாய்க்குத்தான். நூறு ரூபாய் பெறுவதற்காக நானூறு ரூபாய்க்கு நொறுக்குத் தீனியும் குளிர்பானமும் எடுத்தால், முந்நூறு ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. அந்த நானூறு ரூபாய்க்கு அடுத்த மாதம் எப்படியும் வாங்க வேண்டிய எண்ணெயோ சலவைச் சோப்போ எடுத்தால், அந்த நூறும் நமக்கே. வேறுபாடு சலுகையில் இல்லை. நாம் கொண்டுபோன பட்டியலில் இருக்கிறது. திரும்பும் தொகை பணமாக வருகிறதா, அல்லது குறிப்பிட்ட நாளுக்குள் அதே கடையில் செலவிட வேண்டிய புள்ளிகளாக வருகிறதா என்பதும் பார்க்கத்தக்கது. புள்ளிகள் நம்மை மறுபடியும் அக்கடைக்கு இழுக்கும் கயிறு.

கடன் அட்டையைப் பற்றி ஒரு கணக்குப் போதும். மளிகைக்கு 5,000 ரூபாய் செலுத்தி, ஒரு விழுக்காடு என்று 50 ரூபாய் திரும்பப் பெறுகிறோம். அம்மாதத்து நிலுவையை முழுவதும் கட்ட இயலாமற் போனால், மாத வட்டி பெரும்பாலும் மூன்று முதல் நான்கு விழுக்காடு. மூன்றரை என்று கொண்டாலும் 175 ரூபாய். அவ்வட்டியின்மேல் வரி வேறு. ஐம்பது கொடுத்து நூற்றெழுபத்தைந்து எடுத்துக்கொள்ளும் வள்ளல்களை நம் முன்னோர் வேறு பெயரால் அழைத்தார்கள். நிலுவையை மாதந்தோறும் ஒரு பைசா மிச்சமின்றிக் கட்டிவிடும் குடும்பத்துக்கு அட்டையால் சிறு ஆதாயம் உண்டு. மற்றவர்க்கு அது வேண்டாம்.

வீட்டிலுள்ள முதியவர்களுக்குக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. "உங்களுக்குப் பணம் திரும்ப வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று ஒரு செய்தியோ அழைப்போ வந்தால் அது திருட்டு. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். தாமதமின்றி அறிவித்தால் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கழிவு விலைப் பொருள்களின் செய்தி வேறு. இங்கிலாந்துக் கடைகளில் மாலை வேளையில், அன்றன்று காலாவதியாகும் ரொட்டிக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டி விலையைக் குறைப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைக்குச் செல்வோர் அங்கு ஏராளம். நம் ஊர் அங்காடிகளில் அதற்கு இணையாக ஒரு மூலையில் கூடையொன்று கிடக்கும். நாள் நெருங்கிய பிசுக்கோத்து, உறை கசங்கிய சேமியா, நசுங்கிய சோப்புக் கட்டி எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அக்கூடையில் கைவைப்பது கௌரவக் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. கைவைக்கலாம், கண்ணையும் கூட வைக்க வேண்டும்.

நம் நாட்டில் உணவுப் பொட்டலங்களில் தயாரித்த நாளோடு, பயன்படுத்தக் கூடிய கடைசி நாளையும் அச்சிட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் விதி. அந்த நாள் கடந்த உணவுப் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். பாதி விலை என்பதால் அது குற்றமில்லாமற் போகாது. சில பொட்டலங்களில் "இந்நாளுக்குள் பயன்படுத்துவது சிறந்தது" என்ற மற்றொரு குறிப்பும் இருக்கும். அது சுவையும் மணமும் பற்றியது. முன்னது உடல்நலம் பற்றியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நல்ல பொருளைக் குப்பையில் கொட்டுவார்கள், அல்லது கெட்ட பொருளைப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அச்சிட்ட நாளின்மேல் வேறு சீட்டு ஒட்டியிருந்தாலோ, அழித்து எழுதியிருந்தாலோ அப்பொருளைத் தொடவே வேண்டாம்.

நாள் நெருங்கிய சலவைச் சோப்பு, உப்பு, சர்க்கரை, தேயிலை ஆகியவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். பிசுக்கோத்து, நூடுல்ஸ் போன்றவற்றை அந்த வாரமே தீர்ப்பதானால் எடுக்கலாம். வேர்க்கடலை, முந்திரி, எண்ணெய் ஆகியவை காறிப்போகும் இயல்புடையவை. கழிவு விலையில் அவற்றைத் தவிர்ப்பதே மேல். மசாலைப் பொடி மணமிழந்திருக்கும். ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி போட வேண்டிவந்தால் மிச்சமெங்கே? பழைய பருப்பு கெட்டுப்போகாது, ஆனால் வேகாது. இரண்டு விசிலில் முடிய வேண்டியது ஐந்து விசில் கேட்கும். பருப்பில் மிஞ்சியதை எரிவாயு உருளை வாங்கிக்கொள்ளும். குழந்தையின் பால்மாவை மட்டும் எந்தக் காரணத்தாலும் கழிவுக் கூடையிலிருந்து எடுக்காதீர்கள்.

கழிவு என்ற சொல்லுக்கே அடிப்படையாய் இருப்பது பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை. 1990 முதல் எல்லா வரியும் உள்ளிட்ட அவ்விலையை அச்சிடுவது கட்டாயம். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருளே தவிர, அதுவே நியாய விலை என்று எவரும் சான்று தரவில்லை. 180 என்று அச்சிட்டு 120-க்கு விற்பவர் அறுபது ரூபாய் கழித்ததாகச் சொல்வார். அடுத்த தெருவில் அதே பருப்பு கழிவேதுமின்றி 115-க்குக் கிடைக்கும். எனவே கழிவு எவ்வளவு என்று பாராமல், கிலோ என்ன விலை என்று பாருங்கள். 2021-இல் செய்த விதித் திருத்தத்தின்படி, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் என்ன விலை என்றும், அதற்கு மிகுந்ததில் கிலோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும். சிறிய எழுத்தில் இருக்கும் அந்த ஓர் எண், பலகையிலுள்ள பெரிய எழுத்துக்கள் யாவற்றையும்விட நேர்மையானது. பத்து ரூபாய்ப் பிசுக்கோத்து பத்து ரூபாயாகவே நீடிக்க, உள்ளிருக்கும் பிசுக்கோத்துகளின் எண்ணிக்கை மட்டும் தேய்ந்து வருவதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய பொட்டலமே எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. இதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழில் அதனை நாடெங்கும் கொண்டுசென்றது. அதன்பின் எல்லா நிறுவனங்களும் சிறு பொட்டலத்தில் போட்டியிட்டதால், இன்றும் பல வகை ஷாம்பூக்களில் புட்டியைவிடச் சிறு பொட்டலத்தில் மில்லிக்கு விலை குறைவு. ஆனால் காப்பித் தூளிலும் எண்ணெயிலும் இந்தக் கணக்கு நேர்மாறாவதும் உண்டு; அன்றாடக் கூலி பெறுபவர் அன்றாடம் சிறு பொட்டலம் வாங்கி, மாதச் சம்பளக்காரரைவிட அதிக விலை கொடுத்துக் குடிக்கிறார். இது பொருளாதாரத்தின் பெரிய அநீதிகளுள் ஒன்று என்பது எமது கருத்து.

பொட்டலத்துக்கு வெளியே வந்தால் காற்று இன்னும் நன்றாக வீசுகிறது. வாரச் சந்தையில் விளக்கு வைக்கும் நேரத்தில் தக்காளியும் கீரையும் கூறு கட்டி விற்கப்படும். திரும்ப வண்டியேற்ற மனமில்லாத வியாபாரி, கேட்ட விலைக்குத் தந்துவிடுவார். அன்றிரவே தொக்காகக் கிளறிவிடக் கூடியவருக்கு அது இலாபம். குளிர்பெட்டியில் திணித்து மறந்துவிடுபவருக்கு நட்டம். மீனில் மட்டும் மாலை மலிவுக்கு மயங்க வேண்டாம். செவுள் சிவந்து, கண் தெளிந்து, அழுத்திய சதை மீண்டு எழுந்தால் வாங்கலாம். இல்லையேல் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. காலையில் செல்லக் கூடியவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதற்சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே விற்கிறார், அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது, இடைத்தரகருக்குப் போகும் காசை வாங்குபவரும் விற்பவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதைவிட நேரான காசுத் திருப்பம் வேறில்லை.

நியாயவிலைக் கடையைப் பற்றிச் சொன்னால் சில குடும்பங்கள் முகம் சுளிக்கின்றன. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 சூன் முதல் அரிசி விலையின்றித் தரப்படுகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. சந்தை விலையில் இவை மூன்றிலொரு பங்கும் இல்லை. அட்டையிருந்தும் வரிசையில் நிற்கக் கூசி, அங்காடியில் பத்து ரூபாய்க் கழிவுக்கு அரைமணி நேரம் அலைவது என்ன கணக்கோ! அவ்வரிசி உலைக்குப் பிடிக்கவில்லையென்றால், புழுங்கலரிசியை உளுந்தோடு சேர்த்து அரைத்துப் பாருங்கள். இட்லி மாவுக்கு ஒரு குறையும் வராது. நமக்குத் தேவையே இல்லையெனில், வாங்கி வெளியில் விற்பதை விட்டு, பொருளில்லா அட்டையாக மாற்றிக்கொள்வது முறையானது.

தெருமுனை அண்ணாச்சி கடையை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? அவர் கழிவுப் பலகை வைப்பதில்லை. ஆனால் காய் வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாக வந்துவிடும். கொசுறு என்ற சொல்லே நம் மொழியின் "இலவசம்". அதில் நிபந்தனை எழுத்து ஏதும் கிடையாது. கையில் காசில்லாத இருபத்தைந்தாம் தேதியில், "அதுக்கென்னம்மா, ஒண்ணாந்தேதி குடுங்க" என்று நீளக் கணக்கு நோட்டில் வட்டியில்லாமல் எழுதிக்கொள்கிறார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பேருந்தும் வண்டியும் ஓடாமல் பெரிய அங்காடிகள் எட்டாத் தொலைவிலிருந்தபோது, பல தெருக்களுக்கு அரிசியும் பருப்பும் அளந்தது இத்தகைய கடைகளே. ரொக்கத்துக்கு வாங்குவதெல்லாம் அங்காடியில், கடனுக்கு வாங்குவது மட்டும் அண்ணாச்சியிடம் என்று ஒரு குடும்பம் வழக்கப்படுத்திக்கொண்டால், அது சிக்கனமாகாது. இரண்டு ரூபாய் கூடினாலும் மாதத் தேவையில் ஒரு பகுதியை ரொக்கத்துக்கு அவரிடம் வாங்குவது, நெருக்கடிக் காலத்துக்கு நாம் கட்டும் காப்பீடு எனலாம்.

உண்மையில் பெருந்தொகை மிஞ்சுவது பருவம் பார்த்து வாங்குவதில்தான். இதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். தை அறுவடை முடிந்து நெல் வரும்போது அரிசி. மாசி, பங்குனியில் புதுப்புளியும் மிளகாயும். கோடையில் வற்றலும் வடகமும். அறைக்கு அறை அலமாரி வைத்திருக்கும் இக்காலத்து வீடுகளில் ஆண்டுக்கு வேண்டிய புளிக்கு ஒரு பானை வைக்க இடமில்லை என்பது வேடிக்கைதான். தனியொரு குடும்பத்துக்கு மூட்டை பெரிதென்றால், அன்பியக் கூட்டத்தில் நாலைந்து குடும்பங்கள் கலந்து பேசி மொத்த வியாபாரியிடம் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ரோச்டேல்காரர்கள் செய்ததும் சற்றேறக்குறைய இதுதான். 2022 சூலை 18 முதல் அடைத்துப் பெயரிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை ஐந்து விழுக்காடு வரி உண்டு. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. ஆகவேதான் அரிசி மண்டிகளில் 26 கிலோ மூட்டை என்றொரு புதுமை தோன்றியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

மொத்தமாக வாங்கும்போது எடை குறைந்தாலோ, அச்சிட்டதற்கு மேல் விலை கேட்டாலோ, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ரசீது வாங்காதவருக்கு வழக்குமில்லை. வாங்கிய புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, ஒரு நாள் வெயில் காட்டி, கல்லுப்புத் தூவி மண்பானையில் அழுத்தி வையுங்கள். அரிசி மூட்டையில் நாலு வேப்பிலைக் கொத்தையோ காய்ந்த மிளகாயையோ போட்டு, தரையில் படாமல் பலகைமேல் ஏற்றுங்கள். பங்கு பிரிக்கும் நாளன்று ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் பையோடும் ஒரு தராசோடும் வந்துவிட்டால், அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.